மிளகுக்கொடியும் வேர் உட்பூசணமும்

முன்னுரை

தமிழிலக்கியத்துள் மிளகின் வரலாறு நெடியது. 'கறி' எனவும் 'மிரியல்' எனவும் சங்கச் சான்றோர் அதனைக் குறித்தனர். அகநானூற்றின் இரண்டாம் பாட்டில் கபிலர், சந்தனமரத்தைப் பற்றிப் படர்ந்த மிளகுக்கொடியைக் காட்டுகின்றார். புறநானூற்றின் 168-ஆம் பாட்டு மிளகு வளரும் மலைச்சாரலைக் கூறுகின்றது. யவனர் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டால் அறிகின்றோம். பெரும்பாணாற்றுப்படை மிளகுப்பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்தினைச் சொல்ல, பட்டினப்பாலை புகாரிற் குவிந்த பண்டங்களுள் மிளகுமூடையையும் எண்ணுகின்றது. இவற்றைத் தொகுத்து நோக்கின், கொடியும், அது பற்றிய மரமும், அது வளர்ந்த சாரலும், அதன் வாணிகமும் புலவர் கண்ணுக்குப் புலனாயின என்பது விளங்கும். மண்ணின்கீழ் நிகழ்வது எவர் கண்ணுக்கும் புலனாகாதது. ஆதலின் அதனைப் பழம்பாடல்களுள் தேடுதல் பொருந்தாது. இன்றைய அறிவியல் கண்ட ஒன்றை அன்றைய பாட்டினுள் ஏற்றிக் கூறுதல் பாட்டுக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே இழுக்காகும்.

எனினும் இப்பொருள் தமிழாய்வார்க்குப் புறம்பானது அன்று. மிளகுக்கொடியின் வேரினுள் வாழ்ந்து அதனை வளர்க்கும் நுண்ணுயிர் ஒன்றுண்டு. அதனைத் தமிழில் எப்பெயரால் வழங்குவது என்னும் வினா, கலைச்சொல்லாக்கத்தோடு மட்டும் நில்லாது, உழவன் தன் கொடிக்கு எதனை இடுவது, எதனை விலக்குவது என்பதுவரை செல்கின்றது. எனவே, அந்நுண்ணுயிர் கொடிக்குச் செய்யும் உதவியை முதற்கண் விளக்கி, அவ்விளக்கத்தின் துணையால் அதன் பெயரை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஈண்டு மிளகு என்பது மலைக்கொடியாகிய கருமிளகே; பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்த மிளகாய் அன்று. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துப் பயிர்கள்.

1. பெயரின் தோற்றம்

செருமானிய நாட்டுத் தாவரவியலறிஞர் ஆல்பர்ட் பெர்னார்டு பிராங்கு என்பார், நிலத்தடியில் விளையும் 'டிரபிள்' என்னும் விலையுயர்ந்த காளானைப் பயிரிட இயலுமா என ஆராயுமாறு பிரசிய அரசினரால் பணிக்கப்பட்டார். அக்காளானை விளைவிக்கும் வழி அவருக்குப் புலப்படவில்லை. ஆயின், காட்டுமரங்களின் நுண்வேர்களைப் பூசண இழைகள் போர்வைபோல் மூடியிருப்பதையும், அம்மரங்கள் நோயின்றிச் செழித்திருப்பதையும் அவர் கண்டார். வேர் வேறு, பூசணம் வேறு எனப் பிரிக்கவொண்ணாத அவ்வுறுப்பிற்கு, பூசணம் என்றும் வேர் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1885-இல் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டார். பூசணம் மரத்திற்கு உணவூட்டுகின்றது என அவர் கூறியதை அக்காலத்து அறிஞர் பலர் ஏற்கவில்லை. பூசணம் என்றால் நோய் என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்திலும் வேரூன்றியிருந்தது.

பிராங்கு முதலிற் கண்டது வேரின் புறத்தே போர்த்து நிற்கும் வகை. மிளகின் வேரிலுள்ளது வேரின் உள்ளே புகுந்து வாழும் வகை. நிலத்தில் வாழும் செடிகொடிகளுள் பத்தில் ஏழு பங்கிற்கு இவ்வுள்வகையே உரியது. இதன் தொன்மையும் வியத்தற்குரியது. சுகாத்துலாந்து நாட்டின் இரைனி என்னும் ஊரிற் கிடைத்த ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைமையுடைய கற்படிவத்துள், உண்மையான வேர்கூட அமையாத பழஞ்செடியின் தண்டினுள் இப்பூசணத்தின் கிளைகள் பதிந்திருப்பதை 1994-இல் வெளியிட்டனர். செடி நிலத்திற் கால்கொண்ட தொடக்க நாட்களிலேயே இவ்வுறவும் தோன்றிவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

2. கொடியின் வேரியல்பு

மிளகுக்கொடிக்கு இருவகை வேர்கள் உள. கணுக்கள்தோறும் தோன்றி மரத்தைப் பற்றிக்கொள்ளும் பற்றுவேர் ஒருவகை. மண்ணுட் சென்று உண்ணும் ஊண்வேர் மற்றொரு வகை. முன்னது கொடியைக் கொழுகொம்பில் நிறுத்துமேயன்றி அதற்கு உணவூட்டாது. பின்னது ஆழச் செல்லாமல் மேல்மண்ணிலேயே பரவி நிற்பது. ஆகவே பல முழம் ஏறிப் படரும் கொடி, தன் உணவுக்கு ஆழமற்ற சிறு பரப்பையே நம்பியிருக்கின்றது.

அம்மண்ணும் எளிதில் ஈவதன்று. மேற்குமலைத் தொடரில் மிளகு வளரும் செம்புரை மண் புளிப்புத் தன்மையுடையது. இரும்பும் அலுமினியமும் அதில் மிகுதி. அவை மணிச்சத்தைத் தம்மொடு இறுகப் பிணித்துக்கொள்கின்றன. மண்ணில் மணிச்சத்து இருந்தும் அதன் பெரும்பகுதி வேருக்கு எட்டுவதில்லை. நீரிற் கரைந்து வேரை நோக்கி விரைந்து வரும் இயல்பும் மணிச்சத்துக்கு இல்லை. தன்னைச் சூழ ஓரிரு மில்லிமீட்டர் அளவில் உள்ளதை வேர் உண்டு தீர்த்தபின், அவ்விடம் வெறும் வளையமாகின்றது. அதற்கு அப்பால் உள்ளதைப் பெற வேர் மேலும் வளர்தல் வேண்டும். வளர்வதற்கோ முதலில் உணவு வேண்டும். இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதே வேர் உட்பூசணத்தின் தலையாய பணி.

3. பூசணம் வேரினுட் புகுமாறு

மணிச்சத்துக் குறைவுற்ற செடியின் வேர், 'இசுட்ரைகோலாக்டோன்' என்னும் ஒருவகைப் பொருளை மிக நுண்ணிய அளவில் மண்ணிற் கசியவிடுகின்றது. அதனை உணர்ந்த பூசணம் தன் இழைகளைப் பலவாகக் கிளைத்து வேரை நாடி வருகின்றது. இவ்வுண்மையை 2005-இல் சப்பானிய அறிஞர்கள் மெய்ப்பித்தனர். இதே வகைப் பொருள், சோளம் முதலியவற்றின் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லி என்னும் களையின் வித்தையும் முளைக்கச் செய்கின்றது என்பது அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. நண்பனை அழைக்கும் குரலைப் பகைவனும் கேட்டு வருவதுபோன்ற நிலை இது.

வேரை அடைந்த இழை மேற்றோலைக் கடந்து புறணியின் உயிரணுக்களை எய்துகின்றது. உயிரணுவின் சுவரைக் கடக்கும் இழை, அதன் உட்சவ்வைக் கிழிப்பதில்லை. சவ்வு உள்நோக்கி மடிந்து இழைக்கு இடந்தர, அம்மடிப்பினுள் இழை மரம்போல் மிக நுண்ணிதாகக் கிளைக்கின்றது. பிரஞ்சு அறிஞர் காலோ 1905-இல் அதற்குச் 'சிறுமரம்' எனப் பொருள்படும் பெயரை இட்டார். பூசணமும் செடியும் தத்தம் பண்டங்களை மாற்றிக்கொள்ளும் களம் இச்சிறுமரமே. ஒரு சிறுமரத்தின் வாழ்நாள் சில நாட்களே. பழையது கரைய, புதியது தோன்றும். சில இனங்கள் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் சிறுபைகளையும் வேரினுள் அமைக்கின்றன.

இப்பூசணத்தின் மற்றோர் இயல்பு, உயிருள்ள வேரின்றி அது தன் வாழ்நாளை முற்றுவித்துக்கொள்ள இயலாது என்பதாம். ஆய்வகத்தில் வெறும் ஊட்டக்குழம்பில் இதனை வளர்த்தல் அரிது. ஆதலின் மக்காச்சோளம் போன்ற செடிகளைத் தொட்டியில் வளர்த்து, அவற்றின் வேர்த்துண்டுகளையும் மண்ணிலுள்ள வித்துக்களையும் சேர்த்தே உழவர்க்கு வழங்குகின்றனர். 'வேம்' என்னும் குறுக்கப்பெயரால் விற்கப்பெறுவது இதுவே. 2001-இல் வகைப்பாட்டியலார் இப்பூசணங்களைக் 'குளோமெரோமைக்கோட்டா' என்னும் தனித் தொகுதியாகப் பிரித்தனர்.

4. கொடுத்தலும் கொள்ளலும்

பூசண இழையின் விட்டம் 2 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை உள்ளது. நுண்வேரினும் பன்மடங்கு மெல்லியது. வேர் நுழைய இயலாத மண்துளையில் இழை நுழைகின்றது. வேரைச் சூழ்ந்த வெறும் வளையத்தைக் கடந்து பல சென்டிமீட்டர் தொலைவு சென்று, ஆங்குள்ள மணிச்சத்தை உட்கொண்டு, வேரினுள் உள்ள சிறுமரம்வரை கொணர்கின்றது. சிறிதளவே பொருள் செலவிட்டு நெடுந்தொலைவு எட்டுதல் இழைக்கு இயல்வதுபோல் வேருக்கு இயலாது. துத்தநாகம், செம்பு ஆகிய நுண்சத்துக்களும் இவ்வழியே வருகின்றன. மண்துகள்களை இழைகள் பிணித்து வைத்தலின், சரிவான நிலத்தில் மண்கட்டமைப்பும் உறுதிபெறுகின்றது.

இவ்வுதவி கைம்மாறு கருதாதது அன்று. செடி தான் ஒளியினால் ஆக்கிய உணவில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூசணத்திற்கு அளிக்கின்றது எனக் கணித்துள்ளனர். சருக்கரை மட்டுமே அளிக்கப்படுகின்றது என நெடுநாள் கருதினர். கொழுப்பையும் செடியே ஆக்கி அளிக்கின்றது என்பதை 2017-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. தனக்கு வேண்டிய கொழுப்பின் அடிப்படைப் பொருளைத் தானே ஆக்கும் திறன் இப்பூசணத்திற்கு இல்லை.

கபிலர் காட்டிய சந்தனமரத்தோடு இதனை ஒப்பிடுதல் தகும். சந்தனம் அண்டைச் செடிகளின் வேரில் தன் வேரைப் பொருத்தி உணவைக் கவர்ந்து வாழும் இயல்பினது. மிளகின் பற்றுவேரோ தான் ஏறிய மரத்தினின்று உணவு எதனையும் கொள்வதில்லை. வேர் உட்பூசணம் கொண்டும் கொடுத்தும் வாழ்வது. ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் உயிர்களுக்குள் கவர்தல், பற்றுதல், பகிர்தல் என மூவகை உறவு உண்டு என்பதும், அவற்றை ஒரே சொல்லாற் குறித்தல் பிழை என்பதும் இவ்வொப்பீட்டால் விளங்கும்.

5. நாற்றங்காலில் நேரும் இழப்பு

மிளகை வித்தினால் பயிரிடுதல் பெருவழக்கன்று, கொடித்துண்டுகளாற் பயிரிடுவர். காய்ப்பு மிக்க கொடியின் அடியில் தோன்றித் தரையிற் படரும் ஓடுகொடிகளைத் தேர்ந்து, அவை மண்ணில் வேரூன்றாதவாறு முளைக்குச்சியிற் சுற்றி வைப்பர். பிப்பிரவரி, மார்ச்சுத் திங்களில் அவற்றை அறுத்து, இரண்டு மூன்று கணுவுடைய துண்டுகளாக்கிப் பையில் நடுவர். தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் தோட்டத்திற்கு மாற்றுவர்.

இம்முறையில் ஒரு நுட்பம் உள்ளது. ஓடுகொடி மண்ணைத் தொடாமையால் அதன்கண் வேரும் இல்லை. வேர் இன்மையால் உடனுறையும் பூசணமும் இல்லை. பையில் நிரப்பும் மண்ணையோ நோயகற்றும் பொருட்டு ஒளிபுகு தாளால் மூடிக் கோடைவெயிலிற் காயவைப்பர். அவ்வெப்பம் தீய நுண்ணுயிரை மட்டும் தெரிந்து அழிப்பதன்று; நல்லனவும் குறைகின்றன. எனவே, துணையற்ற துண்டு, துணையற்ற மண்ணில் நடப்பெறுகின்றது. காட்டிற் சருகு மட்கிய மண்ணில் தானே முளைத்த கொடிக்கு வாய்த்த துணை, நாற்றங்காற் கொடிக்கு வாய்ப்பதில்லை.

இக்குறையை நிறைக்கவே, வெயிலிற் பதப்படுத்திய மண்ணில் வேர் உட்பூசணத்தைச் சேர்க்குமாறு கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் பரிந்துரைக்கின்றனர். அவ்வாறு சேர்த்த துண்டுகள் மிகுதியாக வேர்விடுதலும், இலையும் தண்டும் பெருகுதலும், திசுக்களில் மணிச்சத்து மிகுதலும் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளன. வேரே இன்னும் தோன்றாத நிலையில் வைத்த பூசணம், முதல் வேர் தோன்றியவுடன் அதனுட் குடிபுகுதலின், தொடக்கத்திலேயே இடுதல் பின்னர் இடுதலினும் சிறந்தது.

பயன் எங்கும் ஒரே அளவாக அமைவதில்லை. பூசண இனம், மிளகின் வகை, மண்ணின் தன்மை ஆகியவற்றிற்கேற்ப அது மாறும். மணிச்சத்து உரத்தை அளவின்றி இட்டால், செடி தன் அழைப்பைக் குறைத்துக்கொள்கின்றது. பூசணமும் வேரினுட் குறைகின்றது. வேண்டியது கையருகே கிடைக்குமாயின், விலைகொடுத்துத் துணைவேண்டுதல் செடிக்கும் ஆதாயமன்று. உட்பூசணத்தையும் மிகுதியான மணிச்சத்தையும் ஒருங்கே இடுபவர் ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறிப்பவராவர்.

6. நோயும் காவலும்

மிளகுத்தோட்டத்தை அழிக்கும் கொடுநோய், அடி அழுகி விரைந்து வாடும் நோய். மழைக்காலத்தில் செழித்து நின்ற கொடி சில வாரங்களில் இலையுதிர்ந்து பட்டுப்போகும். இதனை விளைப்பது 'பைட்டாப்தோரா கேப்சிசி' என்பது. முற்பெயர் 'செடியை அழிப்பது' எனப் பொருள்படும்; பிற்பெயர் அது முதன்முதல் மிளகாய்ச் செடியிற் கண்டறியப்பட்டமையால் வந்தது. மெல்ல வாடும் நோய் மற்றொன்று; அதில் வேரைத் துளைக்கும் நூற்புழுவும் வேர்முடிச்சு நூற்புழுவும் பெரும்பங்கு கொள்கின்றன.

வேர் உட்பூசணம் குடிகொண்ட வேரில் இப்பகைகளால் விளையும் அழுகல் குறைவதைக் கண்டுள்ளனர். இதற்குக் காரணம் பல. வேரின் புறணியில் நண்பன் முன்னரே இடங்கொள்வதால் பகைக்கு இடம் சுருங்குகின்றது. உட்பூசணத்தின் வரவால் செடியின் தற்காப்பு விழிப்புறுகின்றது. வேர்த்தொகுதி பெருகுதலின் சில வேர்கள் அழிந்தும் கொடி தாங்கி நிற்கின்றது. ஆயினும் இது நோயை முற்ற விலக்கும் அரண் அன்று. நீர் தேங்கும் நிலத்தில் வடிகாலமைக்காது பூசணத்தை மட்டும் நம்புதல் பயன்தராது. பைட்டாப்தோராவின் வித்துக்கள் நீரில் நீந்திப் பரவுவன.

நல்ல பூசணம் என ஒருங்கே கூறப்படுவனவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. 'டிரைக்கோடெர்மா' வேரைச் சூழ்ந்து வாழ்ந்து பிற பூசணங்களைத் தாக்கி உண்பது. வேரினுட் சிறுமரம் அமைப்பதன்று. இராசத்தானத்துத் தார்ப் பாலையிற் கண்டெடுத்து 1998-இல் 'பிரிபார்மோசுபோரா இண்டிகா' எனப் பெயரிட்ட பூசணம் வேரினுள் வாழ்வது. எனினும் வேரின்றியும் ஆய்வகத்தில் வளரும். இதனைக் கேரளத்தில் மிளகின்மீதும் ஆய்ந்துள்ளனர். முன்னது காவலன், பின்னது காவலும் ஊட்டலும் ஓரளவு உடையது, மணிச்சத்தைத் தேடிக் கொணர்வதில் தலைசிறந்தது வேர் உட்பூசணம்.

இனி, இக்கட்டுரையின் இன்றியமையாப் பகுதிக்கு வருவோம். பைட்டாப்தோரா இழைவடிவினது, அழுகலை உண்டாக்குவது, ஆதலின் நெடுங்காலம் பூசணம் என்றே எண்ணப்பட்டது. அதன் உயிரணுச்சுவர் பூசணங்களுக்குரிய கைட்டினால் ஆயதன்று. பெரும்பாலும் செல்லுலோசும் அதன் இனப்பொருள்களும் கொண்டது. மரபுவழியில் அது பழுப்புநிறக் கடற்பாசிக்கு அணிமையது. ஆகவே மிளகின் கொடும்பகை உண்மையிற் பூசணம் அன்று. மிளகின் நண்பனே உண்மைப் பூசணம்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 'கார்பெண்டசிம்' என்னும் மருந்து உண்மைப் பூசணங்களை ஒடுக்குவது, பைட்டாப்தோராவை ஒடுக்காது. 'பூசணக்கொல்லி' என்னும் பொதுப்பெயர் கண்டு, வாடும் கொடியின் வேரில் அதனை ஊற்றினால், உட்பூசணமும் டிரைக்கோடெர்மாவும் கெட, பகை மட்டும் எஞ்சும். பொட்டாசியம் பாசுபோனேட்டு போன்றவையோ பைட்டாப்தோராவைத் தாக்குவன; உட்பூசணத்திற்குப் பெரும்பாலும் ஊறு செய்யாதன. பொதுச்சொல் ஒன்று வேறுபாட்டை மறைத்தலின் ஒரு தோட்டமே அழியக்கூடும்.

7. சொல்லாராய்ச்சி

தமிழில் பூசணம், பூஞ்சணம், பூஞ்சை ஆகியன இவ்வகை உயிரைக் குறிக்க வழங்குகின்றன. 'பூசணம் பிடித்தது' என்பது கெட்டுப்போனதைக் குறிக்கும் உலகவழக்கு. 'பூஞ்சை உடம்பு' என்பதில் அச்சொல் வலியின்மையைச் சுட்டும். மிளகின் தாயகமாகிய கேரளத்து மொழியில் 'குமிள்' என்பது பொதுச்சொல். காளானின் வடிவைச் சுட்டும் அச்சொல்லில் கேடு என்னும் குறிப்பு இத்துணை இல்லை. தமிழ்ச்சொற்களோ இயல்பாகவே தீமைக்குறிப்பு உடையன. அவற்றைக் கைவிடுதல் வேண்டா. வழக்கில் ஊன்றிய சொல்லை நீக்குதல் எளிதும் அன்று. ஆயின் தொகைச்சொல் அமைக்கும்பொழுது கருத்தாக இருத்தல் வேண்டும்.

'வேர்ப்பூசணம்' என்னும் தொடரில் பகரம் மிக்கு வருதலின் அது வேற்றுமைத்தொகையாய் 'வேரின்கண் உள்ள பூசணம்' என விரியும். கேட்பவர் உள்ளத்தில் அது வேரழுகல் நோயையே தோற்றுவிக்கும். வேளாண்துறையார் வழங்கும் 'வேர் உட்பூசணம்' என்பது அதனினும் தெளிவானது. உள்ளே உறைவது என்பதைக் காட்டுகின்றது. எனினும் அதுவும் பூசணத்தின் பெயரேயன்றி, பிராங்கு பெயரிட்ட கூட்டுறுப்பின் பெயர் அன்று. அக்கூட்டுறுப்பைக் குறிக்கப் 'பூசணவேர்' என்னும் சொல் ஏற்புடையது. 'பூசணமும் வேரும்' என உம்மைத்தொகையாக விரிப்பினும், 'பூசணத்தை உடைய வேர்' என உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரிப்பினும், இரண்டின் கூட்டுறவு அதனுள் அடங்கும். 'பூசணம் பிடித்த வேர்' என ஒருவர் மயங்குதல் கூடும் எனின், பாடநூலும் உழவர்க்குரிய கையேடும் ஒரே பொருளில் தொடர்ந்து வழங்கின் அம்மயக்கம் நீங்கும்.

ஆகவே, வேரினுள் உறையும் உயிருக்கு 'வேர் உட்பூசணம்' எனவும், அதுவும் வேரும் கூடிய உறுப்பிற்குப் 'பூசணவேர்' எனவும் இரு சொற்களை வேறுபடுத்தி வழங்கலாம். பைட்டாப்தோராவைப் பூசணம் எனக் கூறும் வழக்கை நூல்களினின்று நீக்குதல் வேண்டும். அதனை ஒடுக்கும் மருந்துகளை ஏனைய பூசணக்கொல்லிகளினின்று பிரித்து, 'அடியழுகல் மருந்து' எனப் பயன்பற்றிப் பெயரிடுதல் உழவர்க்குப் பெரிதும் உதவும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மிளகுக்கொடியின் ஆழமற்ற வேருக்கு எட்டாத மணிச்சத்தை வேர் உட்பூசணம் கொணர்ந்தளித்து, மாற்றாகச் சருக்கரையும் கொழுப்பும் பெறுகின்றது. கொடித்துண்டால் பயிரிடும் முறையில் இவ்வுறவு அறுபடுதலின், நாற்றங்காலிலேயே அதனை மீண்டும் அமைத்தல் வேண்டும். மிகுதியான மணிச்சத்தும் பொருந்தா மருந்தும் அதனைக் கெடுக்கும். பகையையும் நட்பையும் ஒரு பெயரால் வழங்கும் மொழிவழக்கு அக்கேட்டிற்குத் துணைபோகின்றது.

கொடி ஏறுதற்குக் கொழுகொம்பு வேண்டும் என்பதைத் தமிழர் நன்கறிவர். அதற்கெனத் தனிச்சொல்லும் உடையர். மண்ணின்கீழ் உள்ள துணைக்கும் அத்தகைய தெளிவான சொல்லை நிலைபெறச் செய்தல், தாவரவியலாரும் தமிழாய்வாரும் ஒருங்கிருந்து ஆற்றத்தக்க பணியாகும்.